ரோஷினி, வயது நூற்றுப் பதினாறு

மோகனாவுக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்குத்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கடைசி மேசை அவளுடையது. நாளொன்றுக்கு நானூறு ஜோடியைக் கையில் எடுத்து, கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். கோளாறு இருக்கிறதா என்று அல்ல, எங்கே என்று. பதினேழு வருஷமாக இதே வேலை. குடியாத்தம் சந்தையில் அவளைக் கண்டால் கீரைக்காரி கட்டைத் தானே திருப்பிக் காட்டிவிடுவாள்.

கண்டுபிடித்த இடத்துக்கு நேரே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். தையல் விட்டிருந்தால் தையலுக்கு நேரே, பசை வழிந்திருந்தால் பசைக்கு நேரே. அந்தக் கால் மட்டும் ஒரு சீட்டோடு, பழுது பார்க்கிற ரீவொர்க் மேசைக்குப் போகும். ஜோடியின் நல்ல கால் தட்டிலேயே காத்திருக்கும். அம்பு காட்டிய இடம் தவிர வேறெங்கும் ரீவொர்க்காரன் கைவைக்க மாட்டான். திரும்பி வந்ததும் மோகனா பார்ப்பாள். சீட்டில் 'சரி' என்று எழுதுவாள். முடிந்தது. உலகமே இப்படித்தான் நடக்கிறது என்று அவள் நம்பியிருந்தால், அதை அவள் குற்றமென்று சொல்வதற்கில்லை.

மேற்படி மோகனாவின் ஒரே மகள் ரோஷினி, ப்ளஸ் ஒன். இரண்டு வருஷமாக வலது காதில் சீழ். காதுக்குள் எலும்பு அரித்துக்கொண்டே போகிறது, தள்ளிப்போட்டால் மூளைப்பக்கம் இறங்கிவிடும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லி, நவம்பர் இருபத்தேழு என்று ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள். அட்டை இருந்தால் போதும் என்றார்கள். அட்டை என்றால் தோல்பொருள் தொழிலாளர் குடும்ப நல ஆணையத்தின் நல அட்டை. மோகனாவிடம் அது இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் அட்டை எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மோகனாவையும் ரோஷினியையும் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள்.

"பேஷன்ட் பாட்டி வரலியா?"

"இதோ நிக்கிறாளே, இவதாம்மா பேஷன்ட்."

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி ஒம்போதுல பொறந்ததா காட்டுது. வயசு நூத்திப்பதினாறு. இது குழந்தைங்க வார்டு ஆபரேஷன்மா. மாத்திக்கினு இருபத்தஞ்சாந்தேதிக்குள்ள வாங்க. இல்லன்னா இந்தத் தேதி வேற ஆளுக்குப் போய்டும். அடுத்தது மார்ச்சுலதான்."

இரண்டாயிரத்து ஒன்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாக உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு இடம். அம்புக்குறி ஒட்டினால் தீர்ந்துபோகிற கோளாறு.

நவம்பர் ஐந்தாம் தேதி லீவு போட்டுவிட்டு ஆணையத்துக்குப் போனாள். வாசலில் பெரிய பலகை: 'உங்கள் குடும்பம், எங்கள் ஆவணம்.' மோகனாவுக்கு அப்போதே உறுத்தியது. குடும்பத்தைப் பறிகொடுத்தவர்களிடம் சொல்வதுபோல இருந்தது அந்த வாசகம்.

உள்ளே தரவுத் தொடர்பு உதவி அலுவலர் சூரியபிரகாஷ். இளைஞர், நல்ல மாதிரி. கோபமே வராது. கோபம் வருகிற ஆளிடம் காரியம் நடக்கும் என்பது மோகனாவின் அனுபவம். சிரிக்கிறவரிடம்தான் அவளுக்குப் பயம்.

"சொல்லுங்கம்மா."

"பட்டியல்ல மூணாவதா என் பொண்ணு பேரு இருக்கு சார். பொறந்த வருஷம் தப்பு. அத மட்டும் மாத்தணும்."

"தாராளமா. ஒரு குடும்பம், ஒரு ஆவணம். ஆவணத்துக்குள்ள ஒரு பட்டியல். எங்க சர்வர்கிட்ட கேக்கறதுக்குன்னே தனி மொழி இருக்கு. நீங்க தமிழ்ல எழுதுங்க, நான் அந்த மொழியில கேக்கறேன்." 'மாற்று' என்று தலைப்பிட்ட படிவத்தை நீட்டினார். "பட்டியல்னு இருக்கே, அந்தக் கட்டத்துல எழுதுங்க."

மோகனா எழுதினாள். குறையுள்ள கால் மட்டும்தானே ரீவொர்க்குக்குப் போகும்? ரோஷினி ஒருத்தியின் பெயர், சரியான பிறந்த தேதி, மகள் என்கிற உறவு, அவ்வளவையும் குண்டு குண்டாக எழுதி, கைப்பையில் எப்போதும் கிடக்கிற ஸ்டிக்கர்ச் சுருளிலிருந்து ஓர் அம்பைப் பிய்த்து வருஷத்துக்கு நேரே ஒட்டினாள்.

சூரியபிரகாஷ் அம்பை அலுங்காமல் உரித்து மேசை விளிம்பில் ஒட்டி வைத்தார். "இதுக்குக் கட்டம் இல்லம்மா." பிறகு தட்டினார். அச்சு இயந்திரம் ஒரு ரசீதைத் துப்பியது. அதில் ஒரே ஒரு சொல் இருந்தது: 'வெற்றி.'

"இன்னா மாறிச்சுன்னு ஒண்ணும் காட்டலியே சார்?"

"கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் வரும். அதுதான் இந்த ஏற்பாட்டோட அழகே. 'ஆச்சா'ன்னு கேட்டேன். 'ஆச்சு'ன்னு சொல்லிடுச்சு."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மோகனா அந்த ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் வாழ்நாளில் அவள் எந்தச் சீட்டிலும் 'வெற்றி' என்று எழுதியதில்லை. ஒரு வேலை சரியாக நடந்ததை வெற்றி என்று சொல்கிற இடத்தில், சரியாக நடப்பது எவ்வளவு அபூர்வமாக இருக்க வேண்டும்!

எட்டாம் தேதி, சனிக்கிழமை. காலையில் கதவைத் தட்டியவர் ஆணையத்தின் கள விசாரணை அலுவலர் எழிலரசி. கையில் கோப்பு, முகத்தில் துக்கம். உள்ளே மோகனாவின் கணவர் அரங்கநாதன் லுங்கித் தறிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா மீனாம்பாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் வேண்டாமென்று தம்பி வீட்டோடு இருந்துவிட்டவள். வாயில் தராசு கட்டி ஆளை எடைபோடுகிறவள்.

"ரோஷினிங்கற சிறுமி இங்கதான் தனியா இருக்காளா?"

"தனியா இன்னாத்துக்கு இருக்கணும்? நாங்க மூணு பேரு இருக்கோம்."

"நீங்க யாரு?"

"அவளப் பெத்தவ."

எழிலரசி கோப்பைப் புரட்டினார். "பட்டியல்ல அம்மா இல்லையே. அப்பாவும் இல்ல. குடும்பத்துல மொத்தமே ஒரு ஆளு. பெரியவங்க துணையில்லாத பதினாறு வயசுப் பொண்ணுன்னு எச்சரிக்கை வந்திருக்கு." குரலைத் தாழ்த்தி ரோஷினியிடம் கேட்டார். "இவங்களை உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

வலது பக்கம் நின்று பேசினால் ரோஷினிக்குக் கேட்காது. "ஆங்?" என்றாள். எழிலரசி 'தயங்கினாள்' என்று குறித்துக்கொண்டார்.

"எம்மா, அரிசி ஒலையில போட்டிருக்கேன். குடும்பத்துல இல்லாதவ சமைச்சது, துன்னுட்டுப் போறியா?" என்றாள் மீனாம்பாள்.

பத்தாம் தேதி மோகனா மறுபடி லீவு. சூரியபிரகாஷ் திரையைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான். ரோஷினி, இரண்டாயிரத்து ஒன்பது; மிகச் சரியாக இருந்தது. அவளைச் சுற்றி மனிதவாடையே இல்லை.

"நீங்க ஒருத்தர் பேரைத்தானே எழுதினீங்க? பட்டியலுக்குப் பதில் பட்டியல். புதுசு வந்தா பழசு போய்டும்."

"தப்பா இருக்கறத மட்டும்தானே சார் அனுப்பணும்? நல்ல கால் தட்டுலதானே இருக்கும்?"

"எந்தக் கால்?"

காணாமல் போன மூவரைச் சேர்க்க 'சேர்' என்ற படிவம் தரப்பட்டது. மோகனா சேர்ந்தாள். மீனாம்பாள் சேர்ந்தாள். அரங்கநாதன் முறை வந்தபோது திரை நின்றுவிட்டது. சூரியபிரகாஷ் பொத்தானை மூன்று முறை தட்டினார். ரசீது வந்தது: 'வெற்றி. வெற்றி. வெற்றி.'

இந்த முறை மோகனா உஷாராக இருந்தாள். "பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேளுங்க சார்." கேட்டார். ஆறு பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேர் அரங்கநாதன்.

"மூணு பேருக்கும் ஒரே பேரு, ஒரே பொறந்த தேதி. முரண்பாடு ஒண்ணும் இல்லம்மா. விட்டுடலாம்."

"ஒரு ஆளுக்கே சோறாக்கி மாளல சார். ரெண்டு பேரை எடுத்துடுங்க."

'நீக்கு' படிவம். அரங்கநாதன் என்று எழுதி நீக்கச் சொன்னார்கள். அந்தப் பெயர் எங்கெல்லாம் கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் நீக்கிவிட்டு, இயந்திரம் 'வெற்றி' என்றது. மோகனா ஒரே மேசையில், ஒரே காலைப்பொழுதில், மூன்று கணவர்களை அடைந்து மூன்று பேரையும் இழந்தாள். மேசை விளிம்பில் சிவப்பு அம்பு ஒட்டினபடியே இருந்தது.

மாலையில் விஷயத்தைக் கேட்ட அரங்கநாதன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "மூணு பேரு இருந்தப்ப, ஒருத்தனையாவது தறிக்கு அனுப்பியிருக்கலாம்" என்றார்.

பன்னிரண்டாம் தேதி அவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி: 'தங்கள் குடும்பத்தில் ஏற்பட்ட இழப்பை ஆணையம் அறிந்தது. பழைய பிரதி மீட்கப்பட்டது.' மீட்டுத்தான் இருந்தார்கள். நால்வரும் பழையபடி வந்துவிட்டார்கள். ரோஷினியின் வயதும் பழையபடி நூற்றுப் பதினாறுக்கு வந்துவிட்டது.

மோகனா விரல்விட்டு எண்ணினாள். பதின்மூன்று நாள் இருந்தது. ரோஷினியின் தலையணை உறையைத் தினமும் மாற்ற வேண்டியிருந்தது.

பதினேழாம் தேதி. இதற்குள் மூன்று லீவு, சூப்பர்வைசர் சுஹேல் அகமது, "இன்னாம்மா, ஆணையத்துலயே சேந்துட்டியா?" என்று கேட்டாகிவிட்டது. சூரியபிரகாஷ் அவளைக் கண்டதும் எழுந்து நின்றே வரவேற்றார். அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது.

"வரிசை எண் படிவம்னு ஒண்ணு இருக்கும்மா. எத்தனாவது ஆளுன்னு நம்பர் போட்டா அந்த ஆளை மட்டும் திருத்தும். மத்தவங்களைத் தொடாது."

மோகனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதத்தானே சார் நான் மொத நாளே கேட்டேன்?"

"நீங்க படிவத்தோட பேரைச் சொல்லலியே."

மூன்று என்று எழுதினாள். மோகனா, அரங்கநாதன், ரோஷினி. ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டே கொடுத்தாள். 'வெற்றி' என்றது இயந்திரம்.

மறுநாள் மீனாம்பாளின் போனுக்குச் செய்தி வந்தது. வளரிளம் பெண்களுக்கான இரும்புச்சத்து மாத்திரையை வந்து வாங்கிக்கொள்ளும்படியும், இந்த வயதில் ஏற்படும் மனக்குழப்பங்களுக்கு ஆலோசனை பெறலாம் என்றும் இருந்தது.

"எனக்குப் பதினாறாம்டி மோகனா" என்றாள் மீனாம்பாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "எவனாச்சும் பொண்ணு கேட்டுக்கினு வந்தா, பரீட்சை இருக்குன்னு சொல்லி அனுப்பிடு."

"சிரிக்காதீங்க அண்ணி. ஒரு வாரந்தான் இருக்கு."

மீனாம்பாள் சிரிப்பதை நிறுத்தினாள்.

பத்தொன்பதாம் தேதி சூரியபிரகாஷ் நிதானமாக விளக்கினார். "எங்க பட்டியல் பூஜ்ஜியத்துலேருந்து ஆரம்பிக்கும். மொத ஆளு பூஜ்ஜியம், ரெண்டாவது ஆளு ஒண்ணு. உங்க பொண்ணு ரெண்டு. மூணுன்னா உங்க நாத்தனாரு."

"மொத ஆளு நான். நான் பூஜ்ஜியமா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாக் குடும்பத்துலயும் தலைமை தாங்கறவங்கதான் பூஜ்ஜியம். எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான்."

"அப்ப ரெண்டுன்னு போடுங்க சார்."

"வரிசை எண் படிவம் காலாண்டுக்கு ஒரு தடவைதாம்மா. அடுத்தது ஜனவரியில."

"என் பொண்ணு காதுக்குக் காலாண்டு தெரியாதே சார்."

அவர் வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு, ஆணையரிடம் நேரில் முறையிட ஒரு படிவம் இருப்பதாகச் சொன்னார்.

இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. ஆணையர் ராமமூர்த்தியின் அறை குளிர்ந்து கிடந்தது. மூலையில் கணினியோடு ஒரு பெண். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற மென்பொருள்காரி பில்கிஸ். அவளுக்கு நாற்காலி இருந்தது, மேசை இல்லை.

ஆணையர் மோகனாவின் மனுவை வாங்கி, படிக்காமல் ஓரமாக வைத்தார். "முதல்ல ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். முன்னெல்லாம் லெட்ஜர். தப்பு இருந்தா கிளார்க் ஒரு கோடு கிழிச்சு, பக்கத்துல சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போடுவான். எவ்வளவு ஆபத்து! ஒரு சாதாரண கிளார்க், யாரையும் கேக்காம, ரெண்டே நிமிஷத்துல ஒரு தப்பைத் திருத்திட்டுப் போய்டுவான். அந்த மாதிரி அத்துமீறல் எதுவும் இன்னிக்கு இங்க நடக்க முடியாது. நடக்கவே முடியாதபடி பண்ணியிருக்கோம்."

மோகனா தலையாட்டினாள். அதை அவள் முழுமையாக நம்பினாள்.

"பலன் என்ன தெரியுமா?" மேசையிலிருந்து பளபளப்பான புத்தகத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். ஆண்டறிக்கை. அட்டையில் சுருக்கம் விழுந்த இரண்டு கைகளின் படம். "நம்ம பயனாளிகள்லயே மூத்தவங்க நூத்திப்பதினாறு வயசு. நல்ல கவனிப்பு இருந்தா தொழிலாளி குடும்பமும் இவ்வளவு நாள் வாழலாம்ங்கறதுக்கு அத்தாட்சி. தலைநகர்லேருந்து பாராட்டு வந்திருக்கு. அந்தம்மா பேரு…" பக்கத்தைப் புரட்டினார். "ரோஷினி."

"சார், அது என் பொண்ணு."

"பொண்ணா? அப்ப உங்களுக்கு எத்தனை வயசு?"

"நாப்பத்தொண்ணு. அவளுக்குப் பதினாறு. ப்ளஸ் ஒன் படிக்கிறா."

"இந்த வயசுலயும் படிக்கிறாங்களா!" ஆணையரின் குரல் தழுதழுத்தது.

மோகனா கைப்பையைத் திறந்தாள். சுருளிலிருந்து ஓர் அம்பைப் பிய்த்து, ஆண்டறிக்கையின் பளபளக்கிற தாளில், நூற்றுப் பதினாறு என்ற எண்ணுக்கு நேரே அழுத்தி ஒட்டினாள். "இது மட்டும் சார். இந்த ஒரு இடம். மத்ததெல்லாம் சரியா இருக்கு. எங்க கம்பெனியில அம்பு காட்டற எடத்த மட்டும் சரிபண்ணித் திருப்பி அனுப்பிடுவாங்க. உங்க மெசின்ல அந்த மாதிரி ஒரு அம்பு கெடையாதா?"

ஆணையர் பில்கிஸைப் பார்த்தார். அந்த மூலையில் ஓர் ஆள் இருப்பதே அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்ததுபோலிருந்தது.

"இருக்கு சார்" என்றாள் பில்கிஸ். "பட்டியல்ல பேரு பொருந்தற ஆளை அதுவே தேடிக் குறி வெச்சுக்கும். அந்த ஆளோட வருஷத்தை மட்டும் மாத்துன்னு சொல்லலாம். வேற யாரையும் தொடாது. ஒரே வரி. மொதல்லேருந்தே இருக்கு."

"ஏன் சொல்லல?"

"மூணு தடவை எழுதிக் குடுத்தேன் சார். அதுக்குப் படிவம் இல்லன்னு திரும்பி வந்துச்சு."

ஆணையர் அம்பைப் பார்த்தார். அம்பு குத்திக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்தார். திருத்தினால் ஆண்டறிக்கை பொய்யாகிவிடும். பாராட்டைத் திருப்பித்தர ஆணையத்தில் எந்தப் படிவமும் கிடையாது. "அருமையான யோசனை" என்றார். "இதை ஆராய ஒரு குழு போடுறோம். ஆறு மாசத்துல அறிக்கை வந்துடும். உங்களை மாதிரி தொழிலாளிங்க பங்கெடுத்துக்கிறதைத்தான் நாங்க எதிர்பார்க்கிறோம்."

மோகனா எழுந்தாள். ஆறு மாசம். ஒரு காது ஆறு மாசத்தில் என்னவாகும் என்று இந்த அறையில் யாரிடம் கேட்பது? எந்தப் படிவத்தில் கேட்பது? நடையில் நின்றுகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது, பின்னாலேயே வந்தாள் பில்கிஸ்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. மொத நாள் குடுத்தாங்களே, 'மாற்று' படிவம், அதையே வாங்குங்க. அதுக்குக் கணக்கு வழக்கு கெடையாது, எத்தனை தடவை வேணா குடுக்கலாம். நாலு பேரையும் எழுதுங்க. சரியா இருக்கறவங்களையும் சேத்து எழுதுங்க. பழைய பட்டியலை மொத்தமா தூக்கிப் போட்டுட்டு உங்களோடதை வெச்சுக்கும்."

மோகனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு தப்பைத் திருத்தறதுக்கு மூணு சரியை நான் மறுபடி ஒப்பிக்கணுமா?"

"ஆமாக்கா."

"இத அந்தத் தம்பி ஏன் சொல்லல?"

"அவருக்குக் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லித்தான் பழக்கம். மிஷினோட சேந்து சேந்து அப்படி ஆய்ட்டாரு."

இருபத்துநான்காம் தேதி, திங்கட்கிழமை, ஆறாவது லீவு. மோகனா நான்கு பேரையும் எழுதினாள். சனி ஞாயிறு முழுக்க வீட்டில் எழுதிப் பார்த்து, அரங்கநாதன் ஒருமுறை, ரோஷினி ஒருமுறை, மீனாம்பாள் கண்ணாடி போட்டு ஒருமுறை சரிபார்த்த பிரதி. கீழே தனித்தாளில் இன்னொன்றும் எழுதியிருந்தாள்: 'நாலு பேர், நாலு பேரின் வயது, உறவு, வரிசை, எல்லாவற்றையும் காட்டவும். வெற்றி என்று மட்டும் சொல்ல வேண்டாம்.'

அச்சு இயந்திரம் முனகியது. ரசீது வந்தது. நான்கு வரிகள். மோகனா ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பினாள். பின்பக்கம் ஒன்றுமில்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தாள். ரோஷினி, மகள், பதினாறு.

"சரியா இருக்காம்மா? இதை நீங்க மொதல்லயே செஞ்சிருக்கலாமே!" என்றார் சூரியபிரகாஷ் மனப்பூர்வமாக. விடைபெறும்போது, மேசை விளிம்பிலிருந்து அந்தச் சிவப்பு அம்பை உரித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். ஆணையத்தில் பிறர் பொருளை வைத்துக்கொள்ளும் வழக்கமில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் அட்டை செல்லுபடியானது. ஆனாலும் மோகனா நம்பவில்லை. இருபத்தாறாம் தேதி ரோஷினியை அட்மிட் செய்துவிட்டு, மணிக்கொரு தடவை போனை எடுத்துப் பார்த்தாள். இந்நேரம் யாராவது எங்காவது ஒரு பொத்தானைத் தட்டியிருப்பார்கள் என்றே அவள் மனசு சொன்னது.

இருபத்தேழாம் தேதி காலை ஏழரை மணிக்குச் செய்தி வந்தேவிட்டது. 'நமது ஆணையத்தின் மிக மூத்த பயனாளி திருமதி ரோஷினி அவர்களுக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை அணிவிக்கப்படும். நடக்க இயலாதவராயின் சக்கர நாற்காலி உண்டு. குறிப்பு: அம்புக்குறி ஆய்வுக் குழுவின் முதல் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.'

பச்சை அங்கி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ரோஷினி போனை வாங்கிப் படித்தாள். "பொன்னாடைய அத்தைக்குக் குடுத்துடும்மா. பதினாறு வயசுல போத்திக்கட்டும்."

அப்போது டாக்டர் கண்ணம்மாள் வந்தார். வயதானவர். பெயரைக் கேட்டார். வயதைக் கேட்டார். எந்தக் காது என்று ரோஷினியையே சொல்லச் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து தடித்த பேனா ஒன்றை எடுத்து, அவள் தலையை லேசாகச் சாய்த்து, வலது காதுக்குக் கீழே கழுத்துத் தோலில் ஏதோ வரைந்தார்.

மோகனா எட்டிப் பார்த்தாள்.

அம்புக்குறி. மேல்நோக்கி, காதுக்கு நேரே, அழுத்தமாக ஓர் அம்புக்குறி.

"இது இன்னாத்துக்கு டாக்டர்?"

"உள்ள மயக்கத்துல படுத்திருக்கும்போது ரெண்டு காதும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும். எந்த இடம்னு தெரியணுமில்ல? அதுக்குத்தான்."

"இன்னொரு காது? மத்ததெல்லாம்?"

டாக்டர் அவளை விநோதமாகப் பார்த்தார். "நல்லா இருக்கறதை எதுக்கும்மா தொடணும்?"

நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினாள். இரண்டு பக்கம். மோகனா திருப்பிப் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, அதற்குக் கீழே, பதினேழு வருஷப் பழக்கத்தில், 'சரி' என்று எழுதினாள்.